எலுமிச்சை பிழிந்த கை

என் முகத்தில் விரல் வைக்காத பெண்கள் எங்கள் தெருவில் இல்லை. பத்தொன்பது வயதில் எனக்குப் பரு வந்தது, இருபத்தாறு வரைக்கும் போகவில்லை. அந்த ஏழு வருடமும் திருவனந்தபுரம் கரமனையில் என் முகம் ஒரு பொதுச்சொத்து. பஸ்ஸுக்கு நிற்கும்போது, கோயிலில் வலம் வரும்போது, கடையில் வெண்டைக்காய் பொறுக்கும்போது, யாராவது ஒருத்தி என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "இது என்னத்துக்கு மக்ளே போட்டிருக்கு?" என்பாள். நான் என்னமோ ஆசைப்பட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரி. அந்த விரலில் சில நேரம் வெங்காய வாசனை இருக்கும், சில நேரம் விபூதி.

கேள்வியோடு விட்டால் பரவாயில்லை. பின்னாலேயே வைத்தியம் வரும். பற்பசை தடவு, பழைய சோற்றுத் தண்ணீரில் கழுவு, கல்யாணம் ஆனால் தானே போய்விடும். காலையில் பல் தேய்க்காத வாய் எச்சில்தான் கைகண்ட மருந்து என்று ஒருத்தி சொன்னாள். சொன்னதோடு நிற்கவும் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் விடிகாலை என் பக்கத்தில் படுத்திருந்தவள், தன் விரலை நக்கி என் கன்னத்தில் தேய்த்துவிட்டாள். நான் நல்ல தூக்கத்தில் இருந்தேன்.

நான் தம்பானூரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளைம் பிரிவில் இருக்கிறேன். யார் என்ன சொன்னாலும் அத்தாட்சி எங்கே என்று கேட்பதுதான் என் வேலை. வருகிறவர்கள் என்னைக் கண்டால் எரிச்சல்படுவார்கள். அப்படிப்பட்ட நானே வீட்டுக்கு வந்தால் போனில் எவளோ சிரித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டு எதை எதையோ தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் பக்கத்து சீட் சபீனாதான் பொறுக்காமல், "சுஜா, ஏழு வருஷமா தெருவில உள்ளவங்ககிட்டயெல்லாம் கேட்டாச்சு. ஒரு தடவ டாக்டர்கிட்டயும் கேட்டு நோக்கு" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. இதுவரை முகத்தில் என்னென்ன போட்டாய் என்று மலையாளத்தில் கேட்டார். நான் வெட்கத்தோடு ஒவ்வொன்றாகச் சொன்னேன். எலுமிச்சைச் சாறு என்றதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

தேய்த்துவிட்டு வெயிலில் போனாயா என்று கேட்டார். ராத்திரிதான் தேய்த்தேன் என்றேன். தப்பித்தாய் என்றார். அந்தச் சாறு தோலில் இருக்கும்போது நல்ல வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். அன்றைக்கே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொப்புளமாக வரும், எதனால் வந்தது என்று யாருக்கும் பிடிபடாது.

ராத்திரி தடவ ஒரு களிம்பும், கொஞ்ச காலத்துக்கு மாத்திரையும், வெயிலுக்குப் போனால் பூச ஒரு கிரீமும் எழுதித் தந்தார். இரண்டு மூன்று மாதம் போனால்தான் மாற்றம் தெரியும், முதலில் கூடினது மாதிரிகூட இருக்கும், நடுவில் விட்டுவிட்டு ஓடாதே என்றார். "ஒரு வாரத்தில் மாறும் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று பார்." இதை எங்கள் ஆபீஸ் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

வீட்டில் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசல் கதவைச் சாத்தினாள். என் அம்மா வடிவம்மாள் கதவைச் சாத்தினால் அது சாதாரண விஷயம் இல்லை.

"தோலு ஆசுபத்திரிக்குப் போறான்னு ஒருத்தி அறிஞ்சாப் போதும். நாளைக்கு வெண்குஷ்டம்னு பேரு வச்சிருவாளுவ. பொறவு ஆருட்டி உன்னைக் கெட்டுவா?"

"பருதாம்மா. பருவுக்கு டாக்டரைப் பாக்கேன்."

"எனக்குத் தெரியும் பருன்னு. ஊருக்குத் தெரியாண்டாமா?"

சாலைக்கடைத் தெருவில் ஒரு துணிக்கடைக்குக் கணக்கு எழுதும் என் அப்பா நீலகண்டன் பேப்பரை முகத்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் வழக்கமாகத் தெரிவிக்கும் அபிப்பிராயம் அதுதான். களிம்பும் மாத்திரையும் உளுந்து டப்பாவுக்குள் போயின. யாராவது கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். "உங்கிட்ட ஆரு கேக்கா? எங்கிட்டதான் கேப்பாவ. நான் சொல்லிக்கிடுவேன்" என்றாள் அம்மா. என்ன சொல்வாள் என்று நான் கேட்கவில்லை. டாக்டர் வேண்டாம் என்று தடுக்காமல் விட்டாளே என்ற நிம்மதியில் இருந்தேன்.

டாக்டர் சொன்னபடியேதான் நடந்தது. முதலில் கூடிற்று, நான் அழுதேன், சபீனா திட்டினாள், பிறகு மெள்ள மெள்ள அடங்கிற்று. மழைக்காலத்தில் ஆரம்பித்தது, மார்கழிக்குள் முகம் தெளிந்துவிட்டது. தை பிறந்ததும் நாகர்கோவிலில் இருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் செல்வகணேஷ், கொச்சியில் பாங்க் வேலை. ஆற்றுக்கால் பொங்காலை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக அவன் அம்மா சொல்லியிருந்தாள். அம்மா அன்றைக்கே முறுக்குக்கு மாவு திரித்துவிட்டாள்.

பொங்காலை அன்று ஆற்றுக்கால் அம்மனுக்குப் பொங்கலிட எங்கள் தெரு முழுக்க அடுப்பு. எங்களுக்கு அடுத்த அடுப்பு முத்தாரம்மாள் அத்தையும் அவள் மகள் அஞ்சுவும். அத்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள், ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. எங்கள் பக்கத்து வீட்டில்தான் பல வருடமாக வாடகைக்கு இருக்கிறார்கள். அஞ்சு ப்ளஸ் டூ. கன்னத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரு, அந்த வயதில் யாருக்கும் இருக்கிறதுதான். அன்றைக்கு அவள் முகம் என்னமோ மினுமினுவென்று இறுக்கமாக இருந்தது. புகைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, அடிக்கடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கும்ப மாசம், அதாவது நம் மாசி, வெயில் மண்டையைப் பிளந்தது. காலையில் அடுப்பு கூட்டியதிலிருந்து மத்தியானம் தீர்த்தம் தெளிக்கிற வரைக்கும் எல்லோரும் நடுத்தெருவில்தான் நின்றோம். நான் டாக்டர் எழுதித் தந்த கிரீமைப் பூசி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். அஞ்சு தலையை மூடவில்லை. சொல்லப்போனால் வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் ஆபீஸ் விட்டு வந்தபோது பக்கத்து வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது.

"அஞ்சுவுக்கு அம்மை போட்டிருக்கு" என்றாள் அம்மா. "பொங்காலைக்கு வந்த தாயி அங்ஙனயே இருந்திட்டா. அங்கே போகாண்டாம். ஞாயித்துக்கிழமை ஆளு வருகாவ."

எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டது. பயம் இல்லை. போனேன்.

உள்ளே ஜன்னல் எல்லாம் சாத்தி, மஞ்சளும் வேப்பிலையும் வியர்வையும் சேர்ந்து ஒரு நாற்றம். அஞ்சு பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பச் சொன்னேன்.

"வேண்டா சேச்சி. நோக்கண்டா."

திரும்பினாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றிற்று. அவளைப் பார்த்து இல்லை, அவள் முகத்தில் மற்றவர்கள் செய்து வைத்திருந்ததைப் பார்த்து. இரண்டு கன்னமும் வெந்து தொலி கறுத்திருந்தது. கொப்புளங்கள் உடைந்த இடத்தில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அப்பியிருந்தார்கள், அதற்கு அடியிலிருந்து சீழ் கசிந்தது. வலது கண்ணுக்குக் கீழே வீங்கி, இமை பாதி மூடிக்கிடந்தது.

ஆனால் நான் பார்த்துக்கொண்டே இருந்தது கழுத்தை. தாடையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சு வரைக்கும் இரண்டு கறுத்த கோடு. தண்ணீர் வழிந்த தடம் மாதிரி நேராக இறங்கியிருந்தது. ஏதோ வழிந்திருக்கிறது.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல சேச்சி."

"முதுகைக் காட்டு."

முதுகு சுத்தமாக இருந்தது. வயிற்றிலும் ஒன்றும் இல்லை. கையைக் காட்டச் சொன்னேன். இடது கை நன்றாக இருந்தது. வலது கையில் விரல் மடிப்பிலும் பெருவிரல் பக்கத்திலும் கொப்புளம். எலுமிச்சை, வெயில் என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அம்மை என்றால், பிழிகிற கையை மட்டும் தேடிப் பிடித்து ஏறவேண்டும் என்று அம்மனுக்கு என்ன அவசியம்?

"முகத்துல என்ன தேச்சே அஞ்சு?"

அவள் பதில் சொல்லாமல் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். எங்கள் தெருப் பெண்களின் பொங்காலை வாட்ஸ்அப் குரூப், நானும் அதில் உண்டு, ஆனால் திறந்து பார்ப்பதே இல்லை. அதில் ஒரு வாய்ஸ் நோட்டை அமுக்கினாள். இருட்டறையில் என் அம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

"எல்லாரும் கேக்கியளேன்னு சொல்லுகேன். எனக்க மவளுக்கு ஒரு டாக்டரும் பாக்கல்ல, ஒரு மருந்தும் இல்ல. நல்ல எலுமிச்சங்காயி ஒண்ணு, கையால பிழியணும் கேட்டியளா, கத்தியும் இரும்பும் படப்பிடாது. கஸ்தூரி மஞ்சளு ஒரு நுள்ளு. வெயிலு ஏறும்போ முகத்தில தேச்சுட்டு அந்த வெயிலிலயே காயணும். அந்த வெயிலுதான் பருவைக் கருக்கும். ஏழே நாளு. இப்பம் அவ முகத்தைப் பாருங்கோ."

எனக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு. சும்மா ஒரு பொய் சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? இரும்பு படக்கூடாதாம். கத்தி கூடாதாம். கிளைம் பிரிவில் இருந்து எனக்குத் தெரியும், நடக்காததைச் சொல்கிறவர்கள்தான் இப்படி நுணுக்கம் சேர்ப்பார்கள். அதை நம்பி ஒரு பெண் விடிகாலையில் எழுந்து, கத்தி படாமல் பல்லால் கடித்து, கையால் பிழிந்து, பொங்காலை வெயிலில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அடிக்கடி என்னைப் பார்த்துச் சிரித்தது ஏன் என்று இப்போது விளங்கிற்று.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"அம்ம அடிக்கும்" என்றாள் அஞ்சு. "பின்னே, எல்லாரும் தேவின்னு பறஞ்சப்போ எனக்கும் அதுதான்னு தோணிச்சு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அவள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள், கை நிற்கவே இல்லை.

"நாலு பேரு கேட்டா என்னமாம் சொல்லாண்டாமா? அது பேச்சுக்குச் சொன்னது. அவ போயி தேப்பான்னு நான் கண்டேனா?"

"இப்பக் கண்டாச்சுல்லா? அத்தைகிட்டப் போயிச் சொல்லு. அது அம்மையான்னு எனக்குத் தெரியாது, நான் டாக்டர் இல்ல. ஆனா டாக்டர் பாக்கணும். கண்ணுகிட்டப் பழுத்திருக்கு."

"அம்மைக்கு டாக்டருகிட்டக் கொண்டு போனா தாயி கோவிச்சுக்கிடுவா."

"அம்மா, எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அது அம்மைன்னு நீ நெனைக்கியா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமை கழியட்டும்" என்றாள். "அவ்வோ வந்து பாத்துட்டுப் போகட்டும். பொறவு நானே சொல்லுகேன். இப்பம் சொன்னா நீ டாக்டருகிட்டப் போனதும் வெளியே வரும்."

எண்ணெயில் முறுக்கு பொரிந்துகொண்டிருந்தது. அந்த வாசனை எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். ஒரு பெண்ணின் கண்ணை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அழுக விடலாம், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நான் நீட்டும் முறுக்குத் தட்டு அதற்குள் காலியாகிவிடும் என்று கணக்குப் போட்டது என்னைப் பெற்ற அம்மா.

முத்தாரம்மாள் அத்தை அப்போதுதான் ஹோட்டல் வேலை முடிந்து தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். நடுத்தெரு என்றும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான் டாக்டரிடம் போனது, களிம்பு, மாத்திரை, உளுந்து டப்பா, அம்மா இட்டுக்கட்டிய எலுமிச்சை. பைப்படியில் நின்றவர்கள் குடத்தை நிரம்பி வழியவிட்டுக் கேட்டார்கள்.

அத்தைக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. நான் எதிர்பார்த்தது அம்மாமேல் கோபம். அவள் என்னைத்தான் பிடித்து உலுக்கினாள்.

"நீ படிச்சவதானட்டி? உனக்கு ஒரு டாக்டரு, எம்புள்ளைக்கு ஒரு எலுமிச்சங்காயா? உங்க வீட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை வரணும்னா எங்க வீட்டுப் பொண்ணு வேகணுமா? சொல்லுட்டி!"

தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரர் பிஜுவைக் கூப்பிட்டேன். அஞ்சுவை அழைத்துக்கொண்டு மூன்று பேரும் ஏறினோம். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். கதவை முழுக்கச் சாத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் முகத்தைவிட அதிக நேரம் கையைப் பார்த்தார். நாரங்கா, அதாவது எலுமிச்சை, பிழிந்தாயா என்று அவரே கேட்டுவிட்டார். அஞ்சு அழுதாள். இது தோல் வெந்த புண், மேலே அப்பிய பச்சிலையில் பழுத்துவிட்டது என்றார். கண் டாக்டரையும் வரவழைத்துக் காட்டினார்கள். கண்ணுக்குள் ஒன்றும் இல்லை, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார் அவர். கறுப்பு போக மாதக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் முகத்தில் வெயில் படக்கூடாது. பரீட்சைக்குப் போகலாமா என்று அஞ்சு கேட்டாள். போகலாம், குடை பிடித்துப் போ என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. சனிக்கிழமையே நாகர்கோவிலிலிருந்து போன் வந்துவிட்டது. ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று இரண்டாம் தடவை பார்த்தபோது தெரிந்ததாம். அம்மா முறுக்கை டப்பாவில் போட்டு மூடினாள். அதை யாரும் தொடவில்லை, நமுத்துப்போய்க் கடைசியில் அப்பா ஒருநாள் கரமனையாற்றுப் பக்கம் கொண்டுபோய் மீனுக்குப் போட்டார். அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை.

பங்குனி பிறந்து ஒரு நாள் மத்தியானம் எனக்கு ஆபீசுக்கு ஒரு போன். செல்வகணேஷின் அம்மா. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மக்ளே, சொகமா இருக்கியா? ஒண்ணும் விசாரிக்காண்டாம், அந்தக் காரியம் முடிஞ்சு. இது வேற. நீ பாத்தேல்லா அந்த டாக்டரு, எந்தக் கிழமை இருப்பாவ? எனக்க மவளுக்கு முகம் பூரா ஒரே பரு. அடுத்த ஆவணிக்குள்ள அவளைக் கெட்டிக் குடுக்கணும்."

கிழமையைச் சொன்னேன்.

"நல்லா இருப்ப. ஒரு காரியம், நாங்க வந்தது ஆரும் அறியாண்டாம் கேட்டியா? ஆராவது கேட்டா உனக்க அம்மா சொன்ன அந்த எலுமிச்சங்காயையே சொல்லிக்கிடலாம். இங்க எங்க குரூப்பிலயும் அதுதான் சுத்திக்கிட்டு கெடக்கு."

போனைக் கழுவ வேண்டும்போல இருந்தது. வெறுமனே வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்கள் தெருக் குரூப்பில் என் குரலில் போட்டேன். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, எத்தனை மாதம் பிடித்தது, எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு நான் வெயிலில் நின்றதே இல்லை, அம்மா சொன்னது பொய் என்று எல்லாவற்றையும். இதை நாகர்கோவில் வரைக்கும் அனுப்புங்கள் என்றும் சொன்னேன்.

உடனே ஒருத்தி, "டாக்டர் மருந்து எல்லாம் உள்ளே சூடு" என்று போட்டாள். இன்னொருத்தி, "உள்ளதைச் சொல்லு மக்ளே, அதுக்கு முன்னே என்ன தேச்சே?" என்று கேட்டாள். இன்னொருத்தி கற்றாழைப் படம் அனுப்பினாள்.

அதற்குக் கீழே அஞ்சுவிடமிருந்து ஒரு படம் வந்தது. அவள் முகம். முன்னும் பின்னும் இல்லாத ஒரே படம். கன்னத்தில் கறுப்பு, கழுத்தில் அந்த இரண்டு கோடு, பக்கத்தில் தூக்கிக் காட்டிய வலது கை. கீழே ஒரே வரி: "நாரங்கா. பொங்காலை அன்னிக்கு. ஞான் அஞ்சு."

கற்றாழை அனுப்பியவள் அந்தப் படத்தை அழித்துவிட்டாள்.

அம்மா அடுக்களையில் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் படம்தான் திறந்திருந்தது. முகம் வெந்த பிறகு அஞ்சுவை அவள் அதுவரைக்கும் நேரில் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரக்கணக்கில் பேசாதவள், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"எனக்க அந்த வாய்ஸை எங்ஙன அழிக்கது?"

"இனி அழிக்க முடியாதும்மா. எங்கெல்லாம் போச்சோ. வேணும்னா இன்னொண்ணு பேசி அனுப்பு."

அம்மா மைக்கின்மேல் பெருவிரலை வைத்து அமுக்கினாள். வாயைத் திறந்தாள். கத்தியும் இரும்பும் படக்கூடாது என்று அத்தனை சரளமாகச் சொன்னவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. விரலை எடுத்ததும் அது அப்படியே குரூப்புக்குப் போய்விட்டது. எங்கள் அடுக்களைக் குழாய் சொட்டுகிற சத்தமும் அம்மாவின் மூச்சும் மட்டும் அதில் இருந்தன. தெருவில் இருந்த எல்லோரும் அதைத் திறந்து கேட்டார்கள்.